ரெஸ்ட் எடுங்கன்னா உடனே எடுத்துடாதீங்க

(திருச்சியில் ஓய்வூதியர்கள் கூட்டம் ஒன்றில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கற தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், ஃபேனுக்கு நேரா எடம் புடிச்சு முன் வரிசையில ஒக்காந்திருக்கற சீனியர்களுக்கும், ஃபேன் கெடைக்காம பின்னாடி நோட்டீஸ மடிச்சு விசிறிகிட்டு இருக்கற ஜூனியர்களுக்கும் வணக்கம். ஜூனியர்னா 65 வயசு, நம்ம கூட்டத்துல அதுதான் சின்னப் பசங்க.

செயலாளர் போன வாரம் ஃபோன் பண்ணி, அண்ணே முதுமையும் நினைவுகளும்னு ஒரு தலைப்பு, நீங்கதான் பேசணும்னார். ஏம்ப்பா நேத்து ராத்திரி என்ன டிபன் சாப்பிட்டேன்னே எனக்கு ஞாபகம் இல்ல, நினைவுகள பத்தி என்னைய பேசச் சொல்றியேன்னேன். அதனாலதாண்ணே உங்கள கூப்புடறோம், அடுத்த வருஷம் இதையே திரும்ப பேசுனாலும் பேசறவருக்கும் தெரியாது கேக்கறவங்களுக்கும் தெரியாதுன்னுட்டார். சரி வந்துட்டேன்.

இன்னைக்கு முதியோர் தினம். ஐ.நா. சபையில 1990-ல தீர்மானம் போட்டு 1991-லேந்து அக்டோபர் 1-ந்தேதிய கொண்டாடறாங்க. நமக்கு அக்டோபர் 1-னா ஐ.நா.வா ஞாபகம் வருது? 80 தாண்டுன சென்ட்ரல் பென்ஷனருங்க, இன்னும் உயிரோட இருக்கோம்னு லைஃப் சர்டிபிகேட் குடுக்க ஆரம்பிக்கற நாள், அதுதான் ஞாபகம் வருது. மத்தவங்களுக்கு நவம்பர், நமக்கு மட்டும் ஒரு மாசம் முன்னாடியே கதவ தொறந்து விடறாங்க. ஏன்னு நான் கேக்கல. நவம்பர் வரைக்கும் தாங்குமோ தாங்காதோன்னு ஒரு கணக்கு இருக்கும்னு வைங்க. (சிரிப்பு) அதே கவர்மெண்டுதான் 80 ஆனா பென்ஷன்ல 20 பர்சென்ட் கூட குடுக்குது, 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறு அடிச்சா நூறு பர்சென்ட், டபுள் பென்ஷன். எனக்கு 80 முடிஞ்சு அந்த 20 வந்தப்ப பேரன் கேட்டான், தாத்தா இது எதுக்கு இன்க்ரிமென்ட், நீங்க என்ன வேலை செஞ்சீங்கன்னு. நல்ல கேள்வி. நான் இன்னைக்கு பேச வந்ததே அதத்தான்.

எனக்கு முன்னாடி பேசுன அய்யா பேங்க்ல பெரிய அதிகாரியா இருந்தவர். நான் ஆர்.எம்.எஸ்-ல சார்ட்டர், தபால ஊர் வாரியா பிரிக்கற வேலை. 1966-ல சேந்தேன், 2005-ல வெளிய வந்தேன். ஆர்.எம்.எஸ்-னா ரயில்வே மெயில் சர்வீஸ். போஸ்ட் ஆபீஸ்காரங்க எங்கள ரயில்வேன்னு நெனச்சுக்குவாங்க, ரயில்வேகாரங்க போஸ்ட் ஆபீஸ்னு நெனச்சுக்குவாங்க, வீட்ல இந்த ரெண்டையுமே நம்ப மாட்டாங்க, ராத்திரி பூரா இந்த மனுசன் எங்க போறாருன்னு. 1863-ல அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் நடுவுல ஓடுற ரயில்லயே தபால பிரிச்சுப் பாத்தாங்க, அதுலேந்து ஆரம்பிச்ச பொழப்பு. நம்ம திருச்சி டிவிஷனுக்கு டி டிவிஷன்னு பேரு, மதுரை எம்.ஏ., கோயம்புத்தூர் சி.பி. இங்கயே டி டிவிஷன் ஆளுங்க நாலஞ்சு பேரு தலைய ஆட்டறாங்க பாருங்க.

அந்த மெயில் வேன் உள்ள எப்படி இருக்கும்னு சொல்றேன், ஏன்னா இனிமே யாரும் பாக்கப் போறதில்ல. ஒரு பக்கச் சுவரு முழுக்க மரத்துல சின்னச் சின்ன பொறை, பீஜன் ஹோல்னு சொல்லுவோம், ஒவ்வொரு பொறைக்கும் ஒரு ஊரு. கீழ சாக்குப் பை மலையாட்டம் கெடக்கும். அரக்கு உருகுற வாசனை, கோந்து வாசனை, சணல் வாசனை, மீட்டர் கேஜ் வண்டி ஆட்டம் வேற. நின்னுகிட்டேதான் வேலை, காலை அகட்டி வச்சுகிட்டு இடது கையில ஒரு கத்தை லெட்டர புடிச்சுகிட்டு வலது கையால வீசிகிட்டே இருக்கணும், கண்ணு அட்ரஸ்ல கடைசி வரிய மட்டும் பாக்கும், பாத்து முடிக்கறதுக்குள்ள கை போட்டுடும். விழுப்புரம் வர்றதுக்குள்ள விழுப்புரம் பை கட்டி, லேபிள் போட்டு, அரக்கு சீல் வச்சு ரெடியா இருக்கணும், வண்டி நமக்காக நிக்காது. நாலு மூலையில மஞ்சள் தடவுன கவரு வந்தா கல்யாணம். ஓரத்துல கறுப்பு மை பூசுன கார்டு வந்தா சாவு. ரூல் புத்தகத்துல அப்படி எதுவும் கெடையாது, ஆனா கறுப்பு கார்ட ஒரு பயலும் அடியில போட மாட்டான், தானா மேல வந்துடும்.

இதுல ஞாபகம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் எங்களுக்கு கூலி. வேலையில சேந்ததும் மனப்பாடப் பரீட்சை வைப்பாங்க, எந்த ஊருக்கு எந்தப் பொறை, எந்தப் பை, எந்த வண்டின்னு. நம்ம ஊர்ப் பேரெல்லாம் வேற லேசுப்பட்டதா. ஆலங்குடின்னு எழுதிப் போட்டுடுவாங்க, எந்த ஆலங்குடி? புதுக்கோட்டை பக்கம் ஒண்ணு, குரு பகவான் கோயில் இருக்கற ஆலங்குடி கும்பகோணத்துக்கு அந்தாண்ட ஒண்ணு. திருப்பத்தூருன்னா காரைக்குடி பக்கமா, ஜோலார்பேட்டை பக்கமா? புதூரு, நல்லூரு, குளத்தூரு எத்தன இருக்குன்னு எண்ணவே முடியாது. கையெழுத்த பாத்து, பேர பாத்து, அனுப்புனவன் ஊர பாத்து ஒரு யூகத்துல போடுவோம். செட்டியார் பேரு இருந்தா காரைக்குடி பக்கத்து திருப்பத்தூரு, அப்படி ஒரு கணக்கு. பெரும்பாலும் சரியா இருக்கும்.

1972 ஆகஸ்ட் 15-ல பின்கோடு வந்துச்சு. வேலங்கர்னு ஒரு அதிகாரி போட்ட திட்டம். எங்க சீனியருங்க அன்னைக்கு சிரிச்சாங்க, தெரு பேரையே ஒழுங்கா எழுதாதவன் ஆறு நம்பரு எழுதப் போறானாக்கும்னு. ஆனா போட்டவங்க மடையங்க இல்ல. முதல் நம்பரு 6-னா தமிழ்நாடு, கேரளா, பாண்டிச்சேரி, லட்சத்தீவு. முதல் மூணு நம்பர்ல சார்ட்டிங் ஏரியா தெரிஞ்சுடும், கடைசி மூணுல போஸ்ட் ஆபீஸ். இன்னொரு அழகு இருக்கு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. 605 பாண்டிச்சேரி, 606 விருத்தாசலம், 607 கடலூர், 608 சிதம்பரம், 609 மாயவரம், 610 திருவாரூர், 611 நாகப்பட்டினம், 612 கும்பகோணம், 613 தஞ்சாவூர், அப்புறம் 620 நம்ம திருச்சி. ஏறக்குறைய விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர் வழியா திருச்சிக்கு வர்ற பழைய மெயின் லைன்ல ரயில்ல ஒக்காந்து வர்ற மாதிரியே வரும். எனக்கு ராத்திரி தூக்கம் வரலைன்னா ராமநாமம் சொல்றதில்ல, இததான் சொல்லுவேன். கும்பகோணம் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவேன். தாண்டிட்டா அன்னைக்கு பாத்ரூம் போயிட்டு வந்து மறுபடி பாண்டிச்சேரிலேந்து ஆரம்பிக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரிட்டயர் ஆகி கொஞ்ச வருஷம் போச்சு, வீட்ல ஒரு கல்யாணம், பத்திரிகைக்கு அட்ரஸ் எழுதற வேலைய என்கிட்ட குடுத்தாங்க, ஆர்.எம்.எஸ்-காரருக்கு இது அல்வா சாப்படற மாதிரின்னு. ஒக்காந்தா பாதி ஊரு வரல. கண்ண மூடிகிட்டு பொறையில வீசுன ஊருங்க, அது எந்த பக்கம், எந்த சப் ஆபீஸ், ஒண்ணும் தெரியல. ஆனா மெயின் லைன் நம்பரு மட்டும் வரிசையா நிக்குது. ஏன்னு யோசிச்சேன். வேற ஒரு காரணமும் இல்ல, இத தெனம் சொல்றேன், அத விட்டுட்டேன். வயசாயிடுச்சு மறந்துடுச்சுன்னு நாம சொல்றோம் பாருங்க, அதுல பாதி வயசு இல்லீங்க. பாதி, அந்த வேலைய நம்ம கையிலேந்து யாரோ வாங்கிட்டாங்க.

இத சொல்லும்போது கூடவே ஒண்ணு சொல்லிடணும், இல்லன்னா பாவம். மறதி நோய், டிமென்ஷியான்னு சொல்றாங்களே, அது வேற. சாவிய எங்க வச்சோம்னு தேடறது நம்ம கேஸு. சாவி கையில இருக்கு, அது எதுக்குன்னு தெரியலன்னா டாக்டர பாக்கணும், வெக்கப்படக் கூடாது. சுறுசுறுப்பா இருந்தா அது வராதுன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்றவங்கள நம்பாதீங்க. எங்க செட்ல ஹெட் சார்ட்டரா இருந்தவர், அவர மாதிரி மூளை நான் பாத்ததில்ல, அவருக்கே வந்துச்சு. போய் பாத்தேன். என்னைய தெரியல. பொண்ணு காப்பி கொண்டாந்து வச்சுது, அதுகிட்ட நீ யாரும்மான்னார். அந்தப் பொண்ணு அழுவல, பழகிடுச்சு போல. ஒரு பையில பழைய கல்யாணப் பத்திரிகை கவரெல்லாம் சேத்து வச்சிருக்கு, அத அவரு முன்னாடி கொட்டுச்சு. மனுசன் நிமிந்து ஒக்காந்தார் பாருங்க. கண்ணாடிய சரி பண்ணிகிட்டு, மெட்ராஸ் பக்கம் எல்லாம் வலது பக்கம், மதுரை பக்கம் இடது பக்கம், தஞ்சாவூர் லைன் நடுவுலன்னு போட்டுகிட்டே போறார், ஒண்ணு தப்பு இல்ல. ஒரு கவர்ல பின்கோடு இல்ல. அத எடுத்து என்கிட்ட நீட்டி, பாருய்யா எழுதிருக்கற லட்சணத்தன்னு திட்டுனார். அந்த ஒரு நிமிஷம் நான் யாருன்னு அவருக்கு தெரிஞ்சிருக்கும்னுதான் நெனக்கறேன், ஏன்னா வேற யாரையும் அவரு அப்படி திட்ட மாட்டார். அந்தப் பொண்ணு சொல்லுச்சு, மாமா, மத்த நேரமெல்லாம் கத்துவார், இது இருந்தா ஒரு மணி நேரம் நிம்மதியா இருப்பார்னு.

சரி. நம்ம வீட்டுக்கு வருவோம். 2007-ல ஒரு சட்டம் வந்துச்சு, பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். புள்ளைங்க பாத்துக்கலன்னா ஆர்.டி.ஓ.கிட்ட, லைசென்ஸ் குடுக்கறவர் இல்ல, வருவாய் கோட்டாட்சியர், அவர்கிட்ட மனு போடலாம், மாசம் 10,000 ரூபா வரைக்கும் குடுக்கச் சொல்லி உத்தரவு போடுவாங்க. 14567-னு ஒரு ஹெல்ப்லைன் இருக்கு, குறிச்சு வச்சுக்கங்க, உங்களுக்கு வேணாம்னாலும் பக்கத்து வீட்டுக்கு வேணும். இதெல்லாம் கவனிக்காத புள்ளைக்கு. ஓவரா கவனிக்கற புள்ளைக்கு என்ன சட்டம்? அதுக்கு எந்த ஆர்.டி.ஓ.கிட்ட போறது?

சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்கறேன். எப்படி நடக்குதுன்னு பாருங்க. மொதல்ல சைக்கிள வாங்கி வைப்பாங்க, ரோடு சரியில்லப்பான்னு. அதுல நியாயம் இருக்கு. அப்புறம் பேங்கு, எதுக்குப்பா கியூவுல நிக்கணும் எல்லாம் ஃபோன்லயே ஆயிடும்னு, ஏ.டி.எம். கார்டு புள்ளை பர்ஸுக்கு போயிடும். அப்புறம் ஒரு நாள் கேஸ் அடுப்ப ஆஃப் பண்ணாம வந்துட்டோம்னு கிச்சனுக்குள்ள தடா. அப்புறம் தஞ்சாவூர் வரைக்கும் கூட தனியா பஸ்ல போகக் கூடாது. அப்புறம் மளிகை, காய்கறி எல்லாம் ஆப்புல ஆர்டர், பத்து நிமிஷத்துல வாசல்ல. ஒவ்வொண்ணும் பாசத்துலதான் செய்யறாங்க, ஒருத்தரையும் குத்தம் சொல்ல முடியாது. ஒவ்வொண்ணுக்கும் நாமளும் தலைய ஆட்டுறோம், அப்பாடா நல்ல புள்ளைன்னு நாலு பேர்கிட்ட பெருமையா வேற சொல்றோம். கடைசில பாத்தா காலையில எழுந்ததுலேந்து ராத்திரி வரைக்கும் நாம செஞ்சே ஆகணும்னு ஒரு காரியம் கூட வீட்ல இல்ல. நாம செய்யலன்னா நின்னு போற காரியம்னு ஒண்ணு இருக்கணும்ல? மாத்திரை சாப்படறது ஒரு காரியமா?

நான் என்ன சொல்றேன்னா, எத வேணா குடுத்துடுங்க. சைக்கிள் குடுங்க, பேங்கு குடுங்க, பாஸ்வேர்டு குடுங்க. காய் வாங்கறத மட்டும் குடுக்காதீங்க. இத நான் வீட்ல ஒரு சண்டை போட்டு வச்சுகிட்டேன். தென்னூர் உழவர் சந்தைக்கு காலையில போறேன். 1999 நவம்பர்ல மதுரையில மொத உழவர் சந்தை ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஊருக்கு ஊரு வந்துச்சு. எந்தக் கட்சி ஆரம்பிச்சுதுங்கறதெல்லாம் எனக்கு வேணாம், என்னைய மாதிரி கெழவனுக்கு அது ஒரு யூனிவர்சிட்டி. அங்க போயி நிக்கறப்ப கத்திரிக்காய எடுத்து பாக்கணும், காம்பு பச்சையா இருக்கணும், கையில கனம் இல்லாம லேசா இருக்கணும், கனமா இருந்தா உள்ள வெதை முத்திருக்கும், ஓட்டை சின்னதா ஊசி குத்துன மாதிரி இருந்தா அங்கயே வச்சுடணும். வெண்டைக்கா நுனிய ஒடிச்சா டக்குன்னு வரணும், ஆனா ஒடிச்சா அந்தம்மா திட்டும், அதனால அது அந்தப்பக்கம் பாக்கும்போது ஒடிக்கணும். (சிரிப்பு) முருங்கக்காய லேசா முறுக்கிப் பாக்கணும். இதுக்கெல்லாம் கண்ணு வேணும், வெரல் வேணும், மனக்கணக்கு வேணும், வாய் வேணும். கால் கிலோ 18 ரூபான்னா முக்கா கிலோ எவ்வளவு, அம்பது குடுத்தா இன்னும் எவ்வளவு தரணும். டாக்டரு இத ப்ரெய்ன் எக்சர்சைஸ்னு பேர் வச்சு பேப்பர்ல எழுதி குடுத்தா 500 ரூபா ஃபீஸ் குடுப்போம்.

அதவிட ஒண்ணு இருக்கு. கீரை விக்கற அம்மா ஒண்ணு, என் வயசுல பாதி இருக்கும். நான் ரெண்டு நாள் சேந்தாப்ல போகலன்னா மூணாம் நாளு, என்ன தாத்தா, ஒடம்புக்கு முடியலையா, ஆளையே காணோம்னு கேக்கும். ஆப்பு கேக்குமா? நான் செத்தாலும் அது ஆஃபர்தான் அனுப்பும். நம்ம வயசுல நம்மள ஒருத்தர் எதிர்பாக்கறது பெரிய விஷயம். சொந்தக்காரங்க நல்லாருக்கீங்களான்னு கேக்கறது வேற, அதுக்கு ஒரே பதில்தான், நல்லாருக்கேன். ஏன் வரலன்னு கேக்கறது வேற.

இங்க ஆம்பளைங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். லேடீஸ் பக்கம் மூணாவது வரிசையில என் வீட்டம்மா ஒக்காந்திருக்காங்க, நான் என்ன பேசப் போறேன்னு காலையிலயே கேட்டாங்க. வேலைய விடாதீங்கன்னு பேசப் போறேன்னேன். அதுக்கு அவங்க, இத போயி பொம்பளைங்ககிட்ட பேசாதீங்க, அடிக்க வருவாங்க, உங்களுக்கு 2005-ல ஆர்டர் வந்துச்சு, எனக்கு எந்த ஆபீஸ்லேந்து ஆர்டர் வரும்னு கேட்டாங்க. பதில் இல்ல. 76 வயசுல முட்டி வலியோட காலையில அஞ்சு மணிக்கு டிகாஷன் இறக்கறவங்ககிட்ட போயி நான் என்னத்த சுறுசுறுப்ப பத்தி பேசறது. அதனால அம்மாமார்களே, நான் சொல்றது உங்களுக்கு இல்ல, நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. இது ஆம்பளைங்களுக்கு. நம்ம கூட்டத்துலயே பாக்கறோம், வீட்டுக்காரர் போயிட்டா அந்தம்மா ஒரு ஆறு மாசத்துல எழுந்து நின்னு பேரப்புள்ளைய ஸ்கூலுக்கு கொண்டு விட்டுகிட்டு இருக்கும். அந்தம்மா போயிட்டா இவரு ஒரு டம்ளர் சுடுதண்ணி வைக்கத் தெரியாம சோபாவுல ஒக்காந்த எடத்துலயே கரைஞ்சு போயிடறார். துக்கம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்கு கையில வேலை இருக்கு, ஒருத்தருக்கு இல்ல. இன்னும் காப்பி போடத் தெரியாதவங்க நாளைக்கே கத்துக்கங்க. நான் ரசம் வரைக்கும் வந்துட்டேன், சாம்பார் இன்னும் கைகூடல, பருப்பு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.

வேலைன்னதும் பெருசா ஏதோ சாதிக்கணும்னு நான் சொல்லல. சாதிச்சவங்களும் இருக்காங்க. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வெங்கடசாமி டாக்டர், கவர்மெண்ட் சர்வீஸ்லேந்து 58 வயசுல ரிட்டயர் ஆகி 1976-ல 11 பெட்டோட ஆரம்பிச்சார். நாமெல்லாம் பி.எஃப். பணத்துல மாடி கட்டலாமா பொண்ணுக்கு நகை வாங்கலாமான்னு யோசிக்கற வயசு. அவருக்கு முடக்குவாதத்துல வெரலெல்லாம் சின்ன வயசுலயே கோணிப் போயிருந்துச்சு, அந்த வெரல வச்சுகிட்டுதான் கண்ணு ஆபரேஷன் பழகுனார். இங்க ஒக்காந்திருக்கறதுல எத்தன பேரு அங்க போயி லென்ஸ் வச்சுகிட்டு வந்திருப்பீங்க. ஆனா அவர மாதிரி நம்மால ஆகாதுங்க, அது வேற அளவு. நமக்கு கத்திரிக்கா போதும்.

காது பத்தி ரெண்டு வார்த்தை. கண்ணாடி போட வெக்கப்படாத நாம காது மெஷினுக்கு மட்டும் வெக்கப்படறோம். காது கேக்கலன்னா என்ன செய்யறோம், சிரிச்சு தலைய ஆட்டறோம். ஒருத்தர் தன் மச்சான் தவறிட்டார்னு சொன்னதுக்கு நம்மாளு ரொம்ப சந்தோஷம், கண்டிப்பா வர்றேன்னார், நான் பக்கத்துலயே இருந்தேன். இப்படி ரெண்டு தடவ ஆனா அப்புறம் பேச்சு குடுக்கவே பயந்துகிட்டு ஓரமா ஒக்காந்துடறோம். வீட்ல சொல்லுவாங்க, அப்பாவுக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி கலகலப்பு இல்லன்னு. கலகலப்பு எங்கயும் போகல, காதுதான் போயிருக்கு. மெஷின் போடுங்க. நான் போட்டிருக்கேன். தேவையில்லாத பேச்சு வந்தா கழட்டிக்கற சௌகரியம் வேற இருக்கு.

கடைசியா லைஃப் சர்டிபிகேட். முந்தில்லாம் நாமதான் பேங்குக்கு போயி, அய்யா நான் இன்னும் இருக்கேன்னு மூஞ்சிய காட்டிட்டு வரணும். 2014 நவம்பர்ல ஜீவன் பிரமாண்னு ஆரம்பிச்சாங்க, ரேகை வச்சா போதும். போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து எடுக்கறார், 70 ரூபா. போன தடவ என் வீட்டுக்கு வந்த தம்பிக்கு என் பேரன் வயசுதான் இருக்கும். சார் வெரல வைங்கன்னார். வச்சேன். எடுக்கல. அடுத்த வெரல். எடுக்கல. எண்ணெய் தடவி தொடச்சு வச்சோம், ஈரத் துணியில தொடச்சு வச்சோம், பத்து வெரலும் முடிஞ்சுது. வயசானா தோலு மெலிஞ்சு காஞ்சு ரேகை மங்கிடும்னு அவரு சொன்னார். மங்காம என்ன செய்யும், எத்தன வருஷத்து சணலும் அரக்கும் கோந்தும் தேச்ச வெரலு. ரேகையே இல்லாத ஆளு, என் பேர்ல ஒரு திருட்டு கேசு கூட போட முடியாது. அப்புறம் அந்த தம்பி ஃபோன என் மூஞ்சிக்கு நேரா புடிச்சு, சார் கண்ண சிமிட்டுங்கன்னார். 80 வயசுல ஒரு ஆம்பளைய பாத்து நான் கண்ண சிமிட்டுனதும் டிக்கு விழுந்துச்சு. உயிரோட இருக்கேனாம். என் வீட்டம்மா உள்ளேந்து, நல்லா பாத்துக்கப்பா, காலையில காப்பி கேட்டாரு, அது போதாதான்னாங்க.

அந்த தம்பிக்கு மோர் குடுத்து ஒக்கார வச்சேன். எந்த பீட்டு, அதான் தபால் குடுக்கற ஏரியா, எதுன்னு கேட்டேன், சொன்னார். ரிஜிஸ்டர் தபாலையும் ஸ்பீட் போஸ்ட்டையும் 2025-ல ஒண்ணாக்கிட்டாங்க, தெரியுமில்ல, அதுல அவருக்கு என்ன கஷ்டம்னு ஒரு அரை மணி பேசுனோம். 50 பைசா கார்டு இன்னும் இருக்கு, எழுத ஆள்தான் இல்ல சார்னார். எங்கிட்ட நாப்பது கார்டு இருக்கு, வாங்கி வச்சிருக்கேன், நம்ம சங்கத்துல வெளியூர் போய்ட்டவங்களுக்கு, புள்ளை வீட்டோட பெங்களூரு, புனேன்னு போய் மாட்டிகிட்டவங்களுக்கு எழுதறேன். பதில் ஃபோன்ல வருது. பரவால்ல. உங்கள்ல யாருக்காவது கார்டு வேணும்னா கூட்டம் முடிஞ்சதும் கேளுங்க, எழுதறேன்னு சத்தியம் பண்ணுனா தர்றேன். 80 தாண்டுனவங்கள்ல ஆதார், பென்ஷன் ஆர்டர்ல இருக்கற பி.பி.ஓ. நம்பரு, ஆதார்ல சேத்த ஃபோனு மூணும் எடுத்துகிட்டு வந்தவங்க லைஃப் சர்டிபிகேட்டுக்கு அந்த ஓரத்து மேஜைக்கு போங்க, இன்னைக்கே இங்கயே எடுக்கறாங்க. வெரல் எடுக்கலன்னா பயப்படாதீங்க, கண்ணு சிமிட்டத் தெரிஞ்சா போதும்.

தலைவர் வாட்ச்ச பாக்கறார். முடிச்சுடறேன். சாப்பாடு வந்துடுச்சு, வாசனை இங்க வரைக்கும் வருது. பரிமாறதுக்கு கேட்டரிங்லேந்து எட்டு பசங்க வந்திருக்காங்களாம், செயலாளர் சொன்னார், பெரியவங்க நீங்க ஒக்காருங்க எல்லாம் அவங்க பாத்துக்குவாங்கன்னு. நான் அவருகிட்ட ஒரு கோரிக்கை வைக்கறேன். அந்தப் பசங்கள மொத பந்தியில நம்ம அம்மாமாரோட ஒக்கார வைங்க. மொத பந்திக்கு ஆம்பளைங்க நாம பரிமாறுவோம். சாம்பார் வாளி எனக்கு தூக்க வராது, தோள்பட்டை ஒத்துக்காது, அது 65 வயசு சின்னப் பசங்க யாராவது எடுத்துக்கங்க. தண்ணி பாட்டில் வேணாம், டம்ளர்ல ஊத்த ஒரு ஆளு. எலை போட ரெண்டு பேரு, நுனி இடது பக்கம் வரணும், தெரியாதவங்க கேட்டுக்கங்க. அப்பளம் நான் போடறேன். பேங்க் அய்யா, நீங்க கணக்குல கெட்டி, பாயசம் உங்ககிட்ட, சுகர் இருக்கறவங்களுக்கு அரை கரண்டிதான். எந்திரிங்க, எந்திரிங்க.